கோணத்தை ஏன் கீழே வரைகிறோம்?

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். செய்முறை வடிவியலில் 8 மதிப்பெண் உறுதி என்பதால் வரைமுறைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். வட்டத் தேற்றங்களை விட்டுவிடலாமா? எந்த கைடு வாங்கலாம்? கவராயம் வேறு வழுக்குகிறது. (அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் மூன்றையும் தந்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கில், முக்கோணம் மேலே இருக்க, உச்சிக்கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே ஏன் வரைகிறோம் என்று புரியவில்லை. பரவாயில்லை, வரைய வருகிறது.)

சு.

அன்புள்ள சு.,

கைடு எதுவானாலும் ஒன்றுதான். கவராயத்தின் திருகை இறுக்கிவிட்டு, முள்ளும் பென்சில் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வை.

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தாயே, உன் கடிதத்தில் உருப்படியான கேள்வி அதுதான். அதற்குப் போய் 'பரவாயில்லை' என்று எழுதலாமா? தேற்றம் தனி, செய்முறை தனி என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோமே என்று சில நாட்களாகவே மனம் குமைந்துகொண்டிருந்தது. உன் கடிதம் வந்து சேர்ந்தது.

அடிப்பக்கம் BC 6 செ.மீ., உச்சிக்கோணம் A 60° என்று வைத்துக்கொள். BC-க்குக் கீழே B-யில் 60° வரைந்து BE என்கிறாய். BE-க்குச் செங்குத்தாக BF. BC-யின் மையக்குத்துக்கோடு BF-ஐ வெட்டும் இடம் O. O-வை மையமாக வைத்து, OB ஆரத்தில் வட்டம். இதில் OB ஆரம், BE அதற்குச் செங்குத்து. அப்படியானால் BE யார்? B-யில் வட்டத்தின் தொடுகோடு! தொடுகோட்டுக்கும் BC என்ற நாணுக்கும் இடையே கீழே 60° இருந்தால், எதிர்ப்புற வட்டத்துண்டில், அதாவது மேலே, எங்கே A-வை வைத்தாலும் 60° வரும். நீ விட்டுவிடப் பார்க்கும் மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் இதேதான். யூக்ளிட் தன் மூன்றாம் புத்தகத்தில் 32-ஆவதாகத் தேற்றத்தை நிறுவிவிட்டு, அடுத்து 33-ஆவதாக இந்த வரைமுறையை வைத்தார். அவர் சேர்த்து வைத்ததை நாம்தான் பிய்த்தோம்.

கோணத்தை மேலே வரைந்தால் O கீழே இறங்கிவிடும். அப்போது மேல் வில்லில் கிடைப்பது 120°. படம் அழகாகவே இருக்கும், விடை தப்பு. வட்டம் C வழியாகப் போகிறதே, எல்லாம் சரி என்று நிம்மதியடையாதே. O மையக்குத்துக்கோட்டின் மேல் இருக்கும்வரை, கோணம் தவறினாலும் வட்டம் C வழியாகத்தான் போகும். மேல் வில்லில் ஏதாவது ஒரு புள்ளியை B, C-யுடன் இணைத்துக் கோணமானியால் அளந்து பார். கோணமானியை 1° தவறாக வைத்தாலே O ஏறத்தாழ 0.7 மி.மீ. நகர்ந்துவிடும்.

குத்துயரம் 4 செ.மீ. என்றால் BC-க்கு இணையாக 4 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடு. அது வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். இரண்டும் சரியான A; ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எதை எடுத்தாலும் மதிப்பெண் உண்டு, பதறாதே.

குத்துயரத்தை 5.5 என்று மாற்றி இன்றைக்கு ஒருமுறை வரைந்து பார், அம்மா. இணைகோடு வட்டத்தைத் தொடவே தொடாது. ஆரம் சுமார் 3.46, O-வின் உயரம் சுமார் 1.73, வட்டத்தின் உச்சியே 5.2 செ.மீ.க்கு மேல் போகாது. கை சரியாக வரைந்தும் முக்கோணம் ஏன் கிடைக்கவில்லை என்பதை மனப்பாடம் செய்த வரைமுறை உனக்குச் சொல்லாது.