மைக்செட் கேள்வி பதில்: பெரிய ஸ்பீக்கர் போட்டால் கடைசி வரிசைக்குப் புரியுமா?

கேள்வி: பள்ளத்தூரில் சிறிய அளவில் மைக்செட் வைத்திருக்கிறேன். பதினைந்து இன்ச் ஸ்பீக்கரும் மேலே ஹார்னும் உள்ள நான்கு பெட்டிகள், ஏழெட்டு வருடம் முன்பு பழையதாக வாங்கியவை. போன பங்குனியில் ஒரு கோயில் சொற்பொழிவுக்குக் கட்டினேன். பின்னால் இருந்தவர்கள், "சத்தம் வருது, பேச்சுதான் புரியலை" என்று சொல்லிவிட்டார்கள். 400 வாட்ஸ் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 800 வாட்ஸ் போடலாம் என்றிருக்கிறேன். நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம் தம்பி. ஆனால் 800 வாட்ஸுக்கு இப்போது காசைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு பவரைத் தாங்கும் என்ற கணக்குதான், எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்ற கணக்கு இல்லை. 800 போட்டு, ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) பவரையும் இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் போக வேண்டும். ஸ்பீக்கர் அட்டையில் 1 வாட், 1 மீட்டர் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு டெசிபல் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 98 உள்ள 400 வாட்ஸும், 95 உள்ள 800 வாட்ஸும் முழு பவரில் ஒரே சத்தம்தான்.

அப்புறம் முக்கியமான விஷயம், உங்களுக்கு வந்த புகார் சத்தம் பற்றியதே இல்லை. பேச்சு புரிவது ச, ட, த போன்ற மெய்யொலிகள் தெளிவாக விழுவதில் இருக்கிறது, அவற்றின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அந்த வேலையைச் செய்வது ஹார்ன். கீழே இருக்கும் பதினைந்து இன்ச்சை எவ்வளவு பெரிதாக்கினாலும் "சொ" என்பது "ஒ" என்றுதான் கேட்கும்.

முதலில் நான்கு பெட்டியிலும் ஒவ்வொன்றாக, ஒரே பேச்சை, ஒரே வால்யூமில் போட்டு ஹார்னைக் கவனியுங்கள். மங்கலாகக் கேட்கும் பெட்டியில் ஹார்ன் டிரைவரின் (ஹார்னுக்குப் பின்னால் சத்தம் உண்டாக்கும் பாகம்) இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 8 ஓம்ஸ் டிரைவர் 6 பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அது ஒட்டியிருக்கும் டயாபிராமை (அதிர்ந்து சத்தம் கொடுக்கும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டும். சரியாகக் காட்டியும் சத்தம் கரகரப்பாக இருந்தால் பின்மூடியைத் திறங்கள். அலென் கீயை மேக்னட் இழுக்கும், கையை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், நழுவினால் டயாபிராமில்தான் போய்க் குத்தும். டயாபிராமை எடுத்த பிறகு தெரியும் வட்டமான இடுக்கில் கருப்பாகத் தூள் ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி மடித்து, இடுக்கில் விட்டுச் சுற்றி எடுங்கள், டேப் வெள்ளையாக வெளியே வரும்வரை விடாதீர்கள். புது டயாபிராமை வைத்ததும் எல்லா ஸ்குருவையும் லேசாக மட்டும் பிடித்து, 1000 ஹெர்ட்ஸ் டோனை மிக மெதுவாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே, எதிரெதிர் ஸ்குருவாக முடுக்குங்கள். கர்ரென்று உராய்ந்தால் ஒரு மயிரிழை நகர்த்தினாலே போதும்.

புது டயாபிராமைக் கடைக்காரர் சொல்கிறார் என்று அளக்காமல் மாட்டாதீர்கள். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், 8 ஓம்ஸ் என்று ஒரு கடையில் கொடுத்ததை நான் அப்படியே மாட்டிவிட்டேன். அது 16. என் பெட்டியில் ஹார்னுக்கு ஒரே ஒரு 10 மைக்ரோஃபேரட் கண்டென்சர்தான். 8 ஓம்ஸுக்கு அது 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும், 16 ஓம்ஸ் வந்தால் வெட்டும் இடம் 1000-க்கு இறங்கிவிடும். கீழ் ஒலியெல்லாம் டிரைவருக்குள் போய், கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் அந்தப் பக்க ஹார்ன் நின்றுவிட்டது. அந்த வீட்டாரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து மீட்டர் இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை.

இதே சாக்கில் கிராஸ்ஓவரையும், அதாவது கீழ் ஒலியை ஸ்பீக்கருக்கும் மேல் ஒலியை ஹார்னுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டையும், பாருங்கள். பழைய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வருடக்கணக்கில் காய்ந்து மதிப்பு மாறியிருக்கும். அதே மைக்ரோஃபேரட்டில் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள், ஹார்ன் தெளிவதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வோல்டேஜ் மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது.

ஒயரையும் விடாதீர்கள். ஆம்பிலிருந்து 30 மீட்டர் தள்ளி, இரண்டு பெட்டியைச் சேர்த்து 4 ஓம்ஸாக, 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஓட்டினால் பெட்டிக்குப் போக வேண்டிய பவரில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்ச் சேராது. 2.5 செம்பு ஒயர் போடுங்கள்.

இவ்வளவும் செய்து, அப்புறமும் பேஸ் போதவில்லை என்றால் பதினைந்து இன்ச்சுக்கு வரலாம். பெட்டியின் உள்ளளவும் காற்றுத் துளையும் பழைய ஸ்பீக்கருக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை. ஒரு ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்குப் பொருந்தும் என்று காட்டும் எண்களுக்குத் தீல்-ஸ்மால் அளவுகள் என்று பெயர். புதிதாக வாங்குவதன் அந்த அளவுகள், அதாவது எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். மூன்றும், பழையதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே சுருதியில் டொம் டொம் என்று உறுமும், மற்ற இடத்தில் பேஸே இருக்காது. பழைய ஸ்பீக்கரின் மேக்னட்டும் பிரேமும் நன்றாக இருந்தால், அசல் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) கிட் கிடைக்கும் பட்சத்தில், கோன் மாற்றுவதைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: ஸ்பீக்கர் மாற்றிய பிறகு இரண்டு பெட்டியும் சேர்ந்து ஓடும்போது பேஸ் குறைகிறதே? (கல்லல் வாசகர்)

பதில்: ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் பேஸ் அடிபடும். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள், கோன் வெளியே வர வேண்டும். ஹார்ன் டிரைவரில் இதைச் செய்யாதீர்கள், அதைக் கழற்றும் முன்பே ஒயருக்கு அடையாளம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் அறுபதாம் கல்யாணம். போன விசேஷத்தில் மைக்கில் பேசியதெல்லாம் எதிரொலித்தது. மைக்செட் வைத்திருக்கும் என் தம்பி மகன், பெட்டியில் உயர்ந்த டிரைவர் மாற்றினால் சரியாகும் என்கிறான். அவனுக்குப் பணம் கொடுக்கலாமா? (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

பதில்: அதற்காகக் கொடுக்க வேண்டாம் ஆச்சி. கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இவற்றில் பட்ட சத்தம் அடங்காமல் திரும்பத் திரும்பத் தெறிக்கிறது. டிரைவர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சுவர் அதையும் திருப்பித்தான் அனுப்பும். முகப்புப் பக்கம் இரண்டு பெரிய பெட்டியை வைத்து அலற விடுவதற்குப் பதில், முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் (தாழ்வாரத்தில்) ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு சின்னப் பெட்டியை, ஆட்களை நோக்கிக் கீழே சாய்த்து, குறைந்த சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஜமக்காளம் எல்லாவற்றையும் விரித்துவிடுங்கள். ஆட்கள் வந்து நிறைந்ததும் எதிரொலி இன்னும் குறையும், அதனால் காலி வீட்டில் சோதித்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்துக் குழாய் ஸ்பீக்கரில் புது யூனிட் மாட்டிப் பாட்டுப் போடலாமா? (புதுவயல் வாசகர்)

பதில்: போடலாம், மரையும் ஓம்ஸும் ஒத்துப்போனால். பழைய யூனிட்டில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர் (நீளமான ஒயரில் ஓட்டுவதற்காக வைப்பது) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆம்பில் சேருங்கள். பேஸை மட்டும் அதற்குள் விடக் கூடாது, மிக்ஸரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது.