பதவியில் இருப்பவர் விலகும் முன்பே மற்றவர்கள் களமிறங்குவது ஏன்?

முந்திக்கொள்பவரிடம்தான் நன்கொடையும் ஆதரவும் முதலில் சேரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவையே பாருங்கள். 1992 முதல் செனட்டராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று 2023 பிப்ரவரியில்தான் அறிவித்தார். அவரைப் போலவே ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கேட்டி போர்ட்டரும் ஆடம் ஷிஃபும் அந்த இடத்துக்கு ஜனவரியிலேயே இறங்கிவிட்டார்கள்.

அங்கே முதற்கட்டத் தேர்தலில் எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள். முதல் இருவர் மட்டுமே நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலுக்குப் போக முடியும். ஜனநாயகக் கட்சி வலுவாக உள்ள அந்த மாநிலத்தில், இறுதியில் குடியரசுக் கட்சிக்காரரை வெல்வது எளிது. இதைக் கணக்கிட்டே ஷிஃப், குடியரசுக் கட்சியின் முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வியைத் தன் முக்கிய எதிராளியாகக் காட்டி விளம்பரம் செய்தார். அக்கட்சி வாக்குகள் கார்வியிடம் திரண்டன. ஷிஃபின் சொந்தக் கட்சியினரான போர்ட்டரும், இன்னொரு வேட்பாளரான பார்பரா லீயும் முதற்கட்டத்திலேயே வெளியேறினார்கள். 2024 நவம்பரில் ஷிஃப் எளிதாக வென்றார்.

சட்டப்படி இதில் தவறில்லை. ஆனாலும் 2001இல், ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளித்த தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் தனியொருவராக எதிர்த்து வாக்களித்த லீ இப்படி ஒதுங்க நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.