வரலாற்றுத் தலைவர்கள் மக்கள் நினைவிலிருந்து ஏன் மறைந்துபோகிறார்கள்?

காலம் ஆக ஆக எல்லாம் மறந்துபோகும் என்று சொல்லிவிடலாம். ஆனால் பழியை முழுக்கக் காலத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை யாருக்காவது இருக்கும்வரை அந்தப் பெயர் நிற்கிறது. அவர் எவ்வளவு பெரியவர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அசோகரையே எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்டவர், தன் சொற்களைப் பாறையிலும் தூணிலும் வெட்டி வைத்தவர். அந்தக் கற்கள் எங்கேயும் போகவில்லை. 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அப்படி ஒரு தூணைத் தோப்ராவிலிருந்து தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பண்டிதர்களை அழைத்துப் படிக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை. எழுத்தே மறந்துபோயிருந்தது. 1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எனப்படும் அந்த எழுத்தைப் படித்துவிட்டார். ஆனாலும் கிடைத்தது ‘தேவானாம்பிய பியதசி’ என்ற பெயர்தான். யார் இந்தப் பியதசி?

விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கே பௌத்த பிக்குகள் தங்கள் பாலி நூல்களைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்துவந்தார்கள். தங்கள் சமயத்தைத் தீவுக்கு அனுப்பிவைத்த அரசர் என்பதால், அசோகர் இல்லாமல் அவர்கள் வரலாறே தொடங்காது. அந்த நூல்களில் ஒன்றான தீபவம்சத்தை வைத்துத்தான் பியதசி அசோகரே என்று இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் டர்னர் காட்டினார். பிறகு 1915இல் கர்நாடகத்தின் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்ற பெயரே இருந்தது. ஆண்ட மண்ணில் தொலைந்தவர், கடல் கடந்து ஒரு மடத்து ஏட்டில் பத்திரமாக இருந்திருக்கிறார்!

சரி, அது பழைய கதை. அச்சும் பள்ளிக்கூடமும் இருக்கும் காலத்திலும் இதேதான் நடக்கிறது. அமெரிக்க அதிபர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லி மாணவர்களிடம் 1974, 1991, 2009 ஆகிய ஆண்டுகளில் நடத்திய சோதனைகளை வைத்து, ரோடிகர், டிசோட்டோ என்ற இரு உளவியலாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் வந்த சிலரையும் கடைசியாக வந்த சிலரையும் மாணவர்கள் எழுதிவிட்டார்கள். நடுவில் லிங்கனும் அவரை ஒட்டி வந்த ஓரிருவரும் தப்பினார்கள். அணுகுண்டு போட உத்தரவிட்ட ட்ரூமன்கூட, 2040 வாக்கில், இன்று பலருக்கும் நினைவில்லாத பழைய அதிபர் மெக்கின்லி அளவுக்கு மறக்கப்பட்டிருப்பார் என்பது அவர்கள் கணிப்பு. உலகத்தையே உலுக்கிய முடிவை எடுத்தவருக்கு நூறு ஆண்டுகூட உத்தரவாதம் இல்லை.

பெயர் மட்டும் நின்று ஆள் போய்விடுவது இன்னொரு வகை. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். ஓமந்தூரார் என்றதும் நம்மில் பலருக்கு மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கோயில் நுழைவுச் சட்டமும், முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில்தான் நிறைவேறின. ராஜாஜி, காமராஜர் என்ற பெரிய பெயர்களுக்கு நடுவே, இரண்டு ஆண்டுகள் மட்டும் பதவியில் இருந்தவர். அவர் பெயரைத் தூக்கிப் பிடிக்கப் பெரிய கூட்டமும் இல்லை. சாலைக்கோ கட்டடத்துக்கோ பெயர் வைத்ததும், நினைவுகூர்ந்தாயிற்று என்று நாம் நகர்ந்துவிடுகிறோம்.

அந்தக் கோயில் நுழைவுச் சட்டத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடுதான் இருக்கிறார்கள். ஓமந்தூரார் பெயரைச் சொல்ல அவர்களைவிடக் காரணம் உள்ளவர்கள் யார்? அவர்களில் எத்தனையோ பேரிடம்கூட அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.