கடுமையாக உழைப்பவர் ‘ஹார்ஷ்லி’ உழைப்பவரா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ஷ்லி’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அகராதியில் ‘ஹார்ஷ்லி’ என்பதற்குக் ‘கடுமையாக’ என்றுதானே பொருள் தந்திருக்கிறார்கள்? பிறகு எப்படித் தவறாகும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அகராதி சொல்வதும் சரி, ஆசிரியை அடித்ததும் சரி. சிக்கலெல்லாம் நம்முடைய ‘கடுமையாக’ என்ற சொல்லில் இருக்கிறது. கடுமையாக உழைக்கிறோம், கடுமையாகத் திட்டுகிறோம், வெள்ளத்தில் பயிர் கடுமையாகச் சேதமடைகிறது, மழையும் கடுமையாகப் பெய்கிறது. தமிழில் ஒரே சொல் சுமக்கும் இந்த வேலையை ஆங்கிலம் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது: உழைப்புக்கு ‘ஹார்ட்’, சேதத்துக்கு ‘சிவியர்லி’, மழைக்கு ‘ஹெவிலி’, திட்டுக்குத்தான் ‘ஹார்ஷ்லி’.

‘ஹார்ஷ்’ என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளோடு உறவுடைய சொல். டேனிஷ் மொழியில் ‘ஹார்ஸ்க்’ என்றால் இன்றும் சிக்கு வாடை அடிக்கும் வெண்ணெயைப் போன்ற பண்டத்தைக் குறிக்கும். நாக்கில் காறலாக, கையில் சொரசொரப்பாக, காதில் கரகரப்பாக உறுத்துவது என்ற உணர்வு அச்சொல்லை விட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் ‘ஹார்ஷ்லி’ பெரும்பாலும் பேசுதல், கண்டித்தல், தண்டித்தல், நடத்துதல், எடைபோடுதல் ஆகிய வினைகளோடு வருகிறது. அங்கெல்லாம் அந்த உறுத்தலைத் தாங்குகிற ஒருவர் எதிரே இருக்கிறார். ‘ஷீ ஸ்போக் ஹார்ஷ்லி டு ஹிம்’ என்றால், அவள் அவனிடம் முகத்திலடித்தாற்போலப் பேசினாள் என்று பொருள்.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. நீதிபதி ‘சிவியர்லி’ தண்டித்தார் என்று எழுதினால் தண்டனை பெரியது என்ற அளவில் செய்தி நின்றுவிடும். ‘ஹார்ஷ்லி’ என்று எழுதினாலோ, அது சற்று அதிகம், இரக்கமில்லாதது என்ற எழுதுபவரின் மனக்குறையும் கூடவே வந்து சேரும்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஒருகாலத்தில் ‘ஹார்ட்லி’ என்ற சொல்லே இந்தப் பொருளிலும் வழங்கியது. 1611-ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில், சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கடினமாய் நடத்தியதை ‘டெல்ட் ஹார்ட்லி’ என்று எழுதியிருக்கிறார்கள். 1989-இல் வந்த நியூ ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு பதிப்பில் அதே இடத்தில் ‘ஹார்ஷ்லி’ இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ‘ஹார்ட்லி’ என்பதற்கு ‘அரிதாகவே’, ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்ற பொருள் நிலைத்துவிட்டதால், பழைய வேலைக்கு அது உதவாமல் போயிற்று.

உங்கள் மகள் ‘ஹார்ட்லி’ என்று எழுதாதவரை உங்களுக்கு நல்லது. எழுதியிருந்தால் அப்பா ஒரு வேலையும் செய்வதில்லை என்றாகியிருக்கும். ‘லி’ சேர்க்காமல் வெறும் ‘ஹார்ட்’ என்று திருத்தச் சொல்லுங்கள்.