இரண்டு பீக் ஒட்டிக்கொண்டே வந்தால் எப்படிப் பிரிப்பது?
மணலியில் உங்கள் லேபில் ஹெச்பிஎல்சி (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் கருவி) வரைபடத்தில் மருந்தின் பீக்கும் (முகடு) அதன் மாசின் பீக்கும் பிரியவில்லை, ஓடும் திரவத்தின் பிஹெச்சை (அமிலத்தன்மை அளவு) மாற்றியும் அதில் அசிட்டோநைட்ரைல் கரைப்பானைக் கூட்டிக் குறைத்தும் பலனில்லை என்கிறீர்கள். ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் சிக்கல். 30% அசிட்டோநைட்ரைலில் கைகொடுக்கும் பிஹெச் 40%-இல் கைவிட்டுவிடலாம். அந்தக் கூட்டு விளைவு தனித்தனிச் சோதனையில் கண்ணில் படாது.

பிஹெச், அசிட்டோநைட்ரைல், பிரிப்புக் குழாய் இருக்கும் ஓவனின் வெப்பநிலை மூன்றுக்கும் ஒரு கீழ்மட்டம், ஒரு மேல்மட்டம் வையுங்கள். எல்லாச் சேர்க்கைக்கும் 8 ரன், மூன்றும் நடுமட்டத்தில் இருக்கும் நடுப்புள்ளியில் 3, ஆக 11. நடுப்புள்ளியின் முடிவு மூலைகளின் (அந்த 8 ரன்களின்) சராசரியிலிருந்து நன்றாக விலகினால் வளைவு இருக்கிறது. அப்போது வளைவையும் கணக்கிடும், மூன்று மட்டங்கள் கொண்ட பாக்ஸ்-பென்கென் சோதனைத் திட்டத்துக்குப் போங்கள். வெப்பநிலையை 25 டிகிரியில் தொடங்க வேண்டாம். குளிரூட்டும் வசதி இல்லாத ஓவன் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. மே மாத மதியத்தில் ஏசி திணறும்போது ஓவனின் வெப்பநிலையே ஆடிப்போகும். 35 முதல் 45 வரை நல்லது.

பலரும் சறுக்குவது ரெசல்யூஷனை (இரு பீக்குகள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்ற அளவு) நேரடியாக மாடல் செய்வதில்தான். பீக்குகள் இடம் மாறும்போது ரெசல்யூஷன் 0-வுக்கு இறங்கி மறுபடி ஏறும்; இருபடிச் சமன்பாட்டுக்கு அது பிடிபடாது. ஒவ்வொரு பீக்குக்கும் ரிட்டென்ஷன் ஃபேக்டரின் (பொருள் குழாயில் எவ்வளவு தங்குகிறது என்ற அளவு) மடக்கையை மாடல் செய்து, அதிலிருந்து ரெசல்யூஷனைக் கணக்கிடுங்கள். எந்த பீக் எது என்பதைத் தனித்தனி ஸ்டாண்டர்டு (இன்னதென்று தெரிந்த தூய பொருள்) ஏற்றி உறுதிசெய்வது கட்டாயம். கடைசியில் ரெசல்யூஷன் 1.5-க்கு மேல் வரும் பரப்பின் விளிம்பில் நிற்காதீர்கள். பஃபரின் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பிஹெச் 0.1 நகர்ந்தாலும் தாங்கும் அளவுக்கு உள்ளே தள்ளித் தேர்ந்தெடுங்கள்.