கால் வீங்கினால் லோஷனை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 37. ஏழு வாரமாகத் தலையில் மினாக்ஸிடில் லோஷன் போடுகிறேன். முதல் நான்கு வாரம் 5 சதவீதம். பலன் தெரியாததால் இப்போது 10 சதவீதம், காலையில் 2 மில்லி, இரவில் 2 மில்லி. வாரம் இரண்டு முறை டெர்மா ரோலர் (குட்டி ஊசிகள் பதித்த உருளை) உருட்டிவிட்டு உடனே போடுகிறேன். முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது, தலை அரிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது காரணமா? இந்த மருந்தால் ஆண்மைக்குறைவு வரும், கிட்னி போகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே? நிறுத்தினால் இருக்கிற முடியும் போய்விடுமா? பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். பத்து நாளாக இரவு படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. சாயங்காலம் ஆனால் ஷூ இறுகுகிறது. என் அப்பா 54 வயதில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு ஒரு வயதில் பாப்பா இருக்கிறாள்.
— வாசகர், கடலூர் முதுநகர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: இன்று இரவிலிருந்து லோஷனைத் தொடாதீர்கள். நாளை காலை கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, உங்களுக்கு பி.பி. மாத்திரை எழுதித்தந்த மருத்துவரிடமோ போய் பி.பி., நாடித்துடிப்பு, எடை மூன்றையும் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். லோஷன் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். பி.பி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. முடியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய நீண்ட கடிதம் முழுக்க முடிதான். நெஞ்சும் காலும் அப்பாவும் கடைசி நான்கு வரியில் வருகிறார்கள். நீங்கள் கேட்க வந்தது அந்த நான்கு வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

மினாக்ஸிடில் முதலில் முடிக்கான மருந்தே அல்ல. மற்ற மாத்திரைகளுக்கு அடங்காத கடுமையான ரத்த அழுத்தத்துக்காக 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை அது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். அதைச் சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் லோஷனாக மாற்றினார்கள். அது 1988-ல் வந்தது. மாத்திரையாகக் கொடுக்கும்போது இதயத் துடிப்பு வேகமெடுக்கும், உடம்பில் நீர் கோக்கும். அதற்காகவே கூடவே துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். படபடப்பு, இறுகும் ஷூ. உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன.

‘தலையில்தானே தடவுகிறேன், வாயிலா ஊற்றினேன்’ என்று என்னிடம் கேட்காத நோயாளி குறைவு. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சதவீத லோஷனில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் மருந்து. சொல்லப்பட்ட அளவு ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி. ஆக 100 மில்லிகிராம். புண்ணில்லாத நல்ல தோல் அதில் சராசரியாக 1.4 சதவீதத்தைத்தான் உள்ளே விடும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் போடுவதோ 10 சதவீதத்தில் 4 மில்லி. 400 மில்லிகிராம். அதே விகிதத்தில் பார்த்தாலும் ஐந்தரை மில்லிகிராமுக்கு மேல் ரத்தத்தில் கலக்கிறது. பெரியவர்களுக்கு பி.பி.க்காக இந்த மாத்திரையை ஆரம்பிக்கும் அளவே 5 மில்லிகிராம்தான். யாரும் எழுதித்தராமலேயே இரண்டாவது பி.பி. மருந்து ஒன்றை மூன்று வாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுவும் தோல் நன்றாக இருந்தால். நீங்கள் ரோலரை உருட்டிவிட்டு உடனே போடுகிறீர்கள். உழுத நிலத்தில் தண்ணீர் விட்ட மாதிரி, எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ரோலர் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, நாங்களும் செய்கிறோம். ஆனால் ஊசி குத்திய அன்று இந்த லோஷனைப் போடச் சொல்வதில்லை. தோல் ஆறிய பிறகுதான். வீடியோவில் சொல்பவர் அந்த ஒரு வரியை ஏனோ விட்டுவிடுகிறார்.

இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்து ‘மினாக்ஸிடில் ஆபத்துகள்’ பார்த்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் யூடியூப் பார்த்து யாருக்கும் கால் வீங்கியதில்லை. ஆகவே காலைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். மாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர். சாப்பாடு மாறாமல் சில நாட்களில் இரண்டு மூன்று கிலோ ஏறியிருந்தால் அதுவும் நீர்தான். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மட்டமாகப் படுக்க முடியாத மூச்சுத்திணறல், கண் இருட்டி மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாப் பழியையும் லோஷன் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் நான் விடமாட்டேன். அம்லோடிபினும் காலை வீங்க வைக்கும். அது அந்த மாத்திரையின் சாதாரணப் பக்கவிளைவு, அளவையோ மாத்திரையையோ மாற்றினால் சரியாகும். லோஷனை நிறுத்தினால் உள்ளே போன மருந்து நான்கு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதற்குப் பிறகும் படபடப்போ வீக்கமோ நீடித்தால் காரணம் வேறு என்று பொருள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பா விஷயத்தில் உங்கள் பயம் வெறும் பயம் அல்ல. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம். உங்களுக்கு ஏற்கெனவே பி.பி. இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். இதை லோஷன் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள் என்று அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கும். அந்தத் தாளை யார் பிரிக்கிறார்கள்? உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான்: நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டால் இப்போது இருப்பது அநேகமாகச் சரிசெய்யக்கூடிய சங்கதி. முடிக்காக இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை முடி கூடுதலாகக் கொட்டுவது எதிர்பார்த்ததே. பழைய முடி விழுந்து புதியதுக்கு இடம் விடுகிறது. பலன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும், நான்கு வாரத்தில் பொறுமை இழந்து சதவீதத்தை ஏற்றியதுதான் தப்பு. 5-க்கு மேல் போனால் கூடுதலாக முளைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, எரிச்சல் கூடும். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் லோஷனில் மருந்தைக் கரைக்கக் கலந்திருக்கும் புரோப்பிலின் கிளைக்கால். அது இல்லாத நுரை வகை உண்டு. முதுநகர் உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், வேரைப் பிடுங்காது. முன்நெற்றி ஏறுவது பரம்பரையும் ஹார்மோனும். கேன் தண்ணீரில் தலை குளித்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

ஆண்மைக்குறைவுப் பேச்சு ஃபினாஸ்டிரைடு என்ற வேறு முடி மருந்தைப் பற்றியது. ஆனால் இப்போது இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்கிறார்கள், ஆகவே லேபிளைப் படியுங்கள். அந்தப் பெயரும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தப் பாட்டிலைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்கு ஆபத்து. கிட்னிக் கதையை விடுங்கள். உங்கள் கிட்னிக்கு எதிரி அடங்காத பி.பி.தான். நிறுத்தினால் என்ன ஆகும்? மருந்தால் வந்த முடி மூன்று நான்கு மாதத்தில் உதிரும். ஏழு வாரத்தில் உங்களுக்கு எதுவும் வரவில்லை, அதனால் இழக்கவும் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, பாப்பா. தகப்பன் தலையில் போட்ட லோஷன் ஒட்டி, கைக்குழந்தைகளுக்கு முதுகிலும் தொடையிலும் முடி அடர்ந்து வளர்ந்ததை ஸ்பெயினில் கண்டுபிடித்தார்கள். தொடர்பு நின்றதும் சரியாகிவிட்டது. இன்றைக்கே தலையணை உறையைத் துவைத்துப் போடுங்கள். பாட்டில் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், குழந்தை குடித்துவிட்டால் சில மில்லியே போதும் பி.பி. விழுவதற்கு. பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நக்கிய சில சொட்டே அதைக் கொன்றுவிடலாம்.

மறுபடி ஆரம்பிக்கலாமா என்பதை உங்கள் இதயத்தையும் பி.பி.யையும் பார்ப்பவர் சொல்லட்டும். அவர் சரி என்றால் ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிட்டு, 5 சதவீதம், ஒரு வேளைக்கு 1 மில்லி, உலர்ந்த தலையில், ரோலர் இல்லாமல். இரவு வேளையைப் படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள். அந்த 10 சதவீத பாட்டிலை மருத்துவரிடம் காட்டியதும் எறிந்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மச்சானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.