கோழி நார் நாராகிறது, மொச்சை வேக மாட்டேன் என்கிறது!

கேள்வி: என் கணவருக்குக் கொழுப்பு கூடியிருப்பதால் எண்ணெய், தேங்காயைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கோழிக் குழம்பில் கறியைக் குறைத்து, காராமணியோ மொச்சையோ சேர்த்துப் பார்க்கிறேன். குக்கரில் பயறு வெந்தால் கோழி நார் நாராகப் பிரிகிறது. கோழி பதமாக இருந்தால் பயறு கடுக்கென்று நிற்கிறது. குழம்பும் தண்ணியாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: நல்ல சேர்க்கையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். காய்ந்த காராமணி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அதிலுள்ள நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் உதவும். இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் போடுவதுதான் சிக்கல். பிராய்லர் கறி திறந்த சட்டியிலேயே 20 நிமிடத்தில் வெந்துவிடும். காய்ந்த மொச்சைக்கு, ஊறிய பிறகும் 5, 6 விசில் வேண்டும். போதாக்குறைக்குத் தக்காளி, புளியின் புளிப்பு பயறின் தோலை இறுக்கிவிடும். அதனால் பயறைத் தனியாக முழுக்க வேகவைத்து, கடைசியில்தான் கறியோடு சேர்க்க வேண்டும்.

4 பேருக்கு 150 கிராம் காராமணி, தோல் நீக்கிய அரை கிலோ கோழி போதும். காராமணியை அரை டீஸ்பூன் உப்புப் போட்டு 6 மணி நேரம் ஊறவையுங்கள்; மொச்சை என்றால் 10 மணி நேரம். நம் கடலோர வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் புதுத் தண்ணீர் ஊற்றி, காராமணிக்கு 3 விசில் விடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி விசிலை அடைக்கும். எவ்வளவு விசில் விட்டாலும் வேகவில்லையா? ஒன்று, பயறு பழசு. இல்லையென்றால் போர் தண்ணீரின் கடினத்தன்மை. கேன் தண்ணீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சோடா உப்பு வேண்டாம். அது பி1 வைட்டமினை அழித்துவிடும்.

இனிக் குழம்பு. கோழியில் மஞ்சள்தூள், உப்பு, 2 ஸ்பூன் தயிர் பிசறி வையுங்கள். சட்டியில் 3 டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, 15 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு, இஞ்சி வதக்கி, 2 தக்காளியைப் போட்டுக் கரையவிடுங்கள். 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள், 2 டீஸ்பூன் மல்லித்தூள் பச்சை வாசனை போகப் புரட்டி, எலும்புள்ள துண்டுகளை முதலில் போடுங்கள். நெஞ்சுக்கறியை 8 நிமிடம் கழித்துப் போட்டால் போதும். அதுதான் சீக்கிரம் வறண்டு நாராகும் பாகம். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் வையுங்கள். கனமான துண்டைக் கீறினால் சதை வெளுத்து, சாறு தெளிவாக வர வேண்டும்.

குழம்பு கெட்டிப்பட, வெந்த காராமணியில் 2 கரண்டியை மத்தால் மசித்து, மீதிப் பயறோடு ஊற்றி 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் முந்திரி அரைத்து விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உங்கள் கணவருக்கு இந்த மசியலே போதும், தேங்காயும் தேவைப்படாது.

வாசனைக்கு வடகத்தை விட்டுவிடாதீர்கள். பாண்டிச்சேரிப் பக்கம் மீன் குழம்புக்குத் தாளிக்கும் அதே வெங்காய வடகம்தான். 1 டீஸ்பூன் எண்ணெயில், சிறுதீயில், 1 டீஸ்பூன் உதிர்த்துப் போட்டு, பூண்டு வாசனை எழுந்து சிவந்ததும் உடனே குழம்பில் கொட்டுங்கள். ஒரு நிமிடம் கூடுதலானாலும் அதிலுள்ள வெந்தயம் கருகி மொத்தக் குழம்பும் கசக்கும். வடகத்திலேயே உப்பு இருக்கும். உப்பு சரிபார்ப்பது அதற்குப் பிறகு.

மார்கழி, தையில் பச்சை மொச்சை வரும்போது ஊறவைக்கவே வேண்டாம். இளசாக இருந்தால் கோழியோடு சேர்த்தே போடலாம். ராஜ்மாவில் மட்டும் கவனம். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் விரலால் நசுங்கும் வரை வேகவைத்த பிறகே குழம்பில் சேருங்கள்.

உங்கள் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், பயறு எவ்வளவு சாப்பிடலாம் என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.